தைனான்: கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டிய ஊர்

காலை 11:30 மணிக்கு ஒரு மீன்கஞ்சிக் கடை வாசலில் போய் நின்றேன். உள்ளே நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, தரையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மா கையை இடமும் வலமும் ஆட்டிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். விடியலுக்கு முன்னால் திறந்த கடை, அன்றைய மீன் தீர்ந்ததும் மூடிவிட்டது. எதிர்க்கடையில் அப்போதுதான் மதியத்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

தைவானின் தென்மேற்கில் இருக்கும் தைனானுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோயில், கோட்டைப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பண்டம் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு கடை பெரும்பாலும் ஒரே பண்டத்தைத்தான் செய்யும், ஒரு வேளைக்குத்தான் செய்யும். கிண்ணமும் சிறியதுதான். வயிறு முட்டச் சாப்பிட்டுக் கிளம்பும் பழக்கத்தை மாற்றிக்கொண்டு, ஒரு நாளில் ஐந்தாறு கிண்ணம் என்று பிரித்துக்கொண்டால் இந்த ஊர் தன்னை முழுசாகக் காட்டும். பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

எப்போது, எத்தனை நாள்

நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். மழை குறைவு, வெயில் நம் மார்கழிக் காலை வெயில்போல இதமாக இருக்கும். மாலையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புழுக்கம் அதிகம், புயல் காலமும் அதுதான். ஆனால் மாம்பழத்துக்காகவே போகிறவர்கள் ஜூன், ஜூலையில்தான் போக வேண்டியிருக்கும். மலையோரத்து யூஜிங் பகுதி மாம்பழம் அப்போதுதான் ஊருக்குள் வரும்.

இரண்டு இரவு தங்கினால் ஊரை நிதானமாகப் பார்க்கலாம். தலைநகர் தைபேயிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் பலர் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். விடிகாலைக் கடையும் இரவுக் கடையும் இரண்டுமே கைவிட்டுப் போய்விடும்.

விசா விஷயத்தில், சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அது தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களில், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், ஷெங்கன் நாடுகள் போன்றவற்றின் விசா வைத்திருப்பவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆன்லைனில் பயண அனுமதிச் சான்று வாங்கலாம். மற்றவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னையிலேயே தைபே பொருளாதார, பண்பாட்டு மையம் இருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

பெரும்பாலானவர்கள் தைபேக்குப் பக்கத்தில் இருக்கும் தாவோயுவான் விமான நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து தைபே நகருக்குள் போய்த் திரும்ப வேண்டாம். விமான நிலைய மெட்ரோவில் தைபேக்கு எதிர்த்திசையில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் தாவோயுவான் அதிவேக ரயில் நிலையம் வரும். அங்கிருந்து தைனான் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். தைபேயிலிருந்து ஏறினால் சாதாரண வகுப்புக் கட்டணம் 1350 தைவான் டாலர். ஒரு தைவான் டாலரை ஏறத்தாழ 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவுக் கணக்குக் கெடாது. முன்பதிவு 28 நாள் முன்பிருந்தே நடக்கும், சீக்கிரம் எடுத்தால் தள்ளுபடி உண்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனிச் சலுகைச் சீட்டும் உண்டு.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதிவேக ரயிலின் தைனான் நிலையம் ஊருக்கு வெளியே, வயல்வெளியை ஒட்டி இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் பழைய தைனான் நிலையம் வேறு. அதிவேக ரயிலில் இறங்கியதும், ஒட்டியே இருக்கும் ஷாலுன் என்ற சிறு நிலையத்துக்கு நடந்துபோய் உள்ளூர் ரயிலில் ஏறுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஊர் நடுவே இறக்கிவிடும். ஹோட்டல் போடும்போது ‘தைனான் நிலையம் அருகில்’ என்றிருந்தால் அது எந்த நிலையம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

தைனானுக்குத் தெற்கே இருக்கும் கவோசியுங் நகரின் விமான நிலையத்தில் இறங்க முடிந்தால் இன்னும் நல்லது. கவோசியுங்கிலிருந்து சாதாரண ரயில் தடத்தின் விரைவு வண்டியில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் தைனான் வந்துவிடும்.

தங்குவதற்கு ஹயாஷி பல்பொருள் அங்காடி, கன்பூசியஸ் கோயில், ச்சிகான் மாளிகை ஆகிய மூன்றுக்கும் நடுவே இடம் பாருங்கள். பழைய ஓட்டு வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அவற்றில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும். பெரியவர்களை அழைத்துப்போனால் கீழ்த்தள அறை கேளுங்கள்.

இறங்கிய முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

ஏதாவது ஒரு செவன் இலெவன் அல்லது ஃபேமிலி மார்ட் கடைக்குள் போய் ஈசிகார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். உள்ளூர் ரயில், பேருந்து, அந்தக் கடைகள் எல்லாவற்றிலும் அட்டையைக் காட்டினால் போதும். அதிவேக ரயிலுக்கு மட்டும் தனிச்சீட்டு. ஆனால் சாப்பாட்டுக் கடைகளில் பாதிக்கு மேல் ரொக்கம்தான் வாங்குவார்கள். 100 டாலர் நோட்டும் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

தைனானில் மெட்ரோ கிடையாது. பழைய ஊருக்குள் நடப்பதுதான் சுகம். தூரம் அதிகமானால் யூபைக் வாடகை மிதிவண்டியோ டாக்ஸியோ எடுத்துக்கொள்ளலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: நடைபாதை என்று கடைகளின் முன்னால் இருக்கும் மூடிய தாழ்வாரத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கும், கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு அதில் நடப்பது சிரமம். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மின்சாரம் 110 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பி பிளக். அதற்கேற்ற அடாப்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க மாட்டார்கள். விடுதியிலும் ரயில் நிலையத்திலும் வெந்நீர், குளிர்ந்த நீர்க் கருவி இருக்கும், ஒரு பாட்டில் கையில் இருந்தால் போதும்.

கடையில் எப்படிக் கேட்பது

மேசைமேல் ஒரு சின்னத் தாள், ஒரு பென்சில். தாளில் பண்டங்களின் பெயர் சீனத்தில் அச்சிட்டிருக்கும், பக்கத்தில் விலை, அதற்குப் பக்கத்தில் காலிக் கட்டம். எது வேண்டுமோ அந்தக் கட்டத்தில் எத்தனை என்று எண் எழுதி, மேசை எண்ணையும் எழுதி, அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். பல கடைகளில் அப்போதே காசு கொடுத்துவிட வேண்டும். போனில் மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைத் தாளின் மேல் பிடித்தால் முக்கால்வாசி புரிந்துவிடும். மீதிக்கு அடுத்த மேசையைக் காட்டி ஒரு விரலை உயர்த்துங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு சொல் தெரிந்தால் போதும். இங்கேயே சாப்பிட ‘நெய்யோங்’, பார்சலுக்கு ‘வைதாய்’. நீங்கள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவர்கள் இதைத்தான் கேட்பார்கள்.

சாப்ஸ்டிக், கரண்டி எல்லாம் ஓரமாக ஒரு பெட்டியில் இருக்கும், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி குத்துவதுபோல் அது தெரியும். டிப்ஸ் கிடையாது.

தைனான் சமையலில் எல்லாவற்றிலும் கொஞ்சம் இனிப்பு இருக்கும், குழம்பிலும்கூட. கரும்பு விளைந்து, சர்க்கரை ஏற்றுமதியாகி வளர்ந்த பூமி இது. சர்க்கரை தாராளமாகப் போடுவது வசதியின் அடையாளமாக இருந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நம் நாக்குக்கு முதல் நாள் கொஞ்சம் விநோதமாக இருக்கும். மிளகாய்ச் சாந்து பெரும்பாலான கடைகளில் உண்டு, ஆனால் அதிலும் இனிப்பு எட்டிப்பார்க்கும். ஊறுகாய் பாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், தவறில்லை. ஆனால் முதல் இரண்டு கிண்ணங்களை அது இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது கிண்ணத்தில் அந்த இனிப்பு எதற்கு என்று விளங்கிவிடும்.

விடியலிலிருந்து மாலை வரை

காலை 6 மணிக்கு எழுந்துவிடுங்கள். இந்த ஊரின் காலை உணவு பால்கெண்டைக் கஞ்சி. ஆமாம், நம் கடலோரத்தில் பால்கெண்டை என்று சொல்கிறோமே, அதே மீன். தைனான் கடற்கரையோரக் குளங்களில் தலைமுறை தலைமுறையாக அதை வளர்க்கிறார்கள். இருநூறுக்கு மேல் முள் இருக்கும் மீன். அதை ஒரு முள்கூட நாக்கில் தட்டாதபடி உரித்துத் தருவது இவர்கள் கைத்திறன். கஞ்சி என்றாலும் நம் வீட்டுக் கஞ்சிபோல் குழைந்திருக்காது. சோறு பருக்கை பருக்கையாகத் தெளிந்த மீன்சாற்றில் மிதக்கும். மேலே மீனின் வயிற்றுப் பகுதி ஒரு துண்டு, கறுப்புத் தோல் ஒரு பக்கம், வெண்ணெய்போல் கொழுப்பு மறுபக்கம். வறுத்த பூண்டு, செலரி, வெள்ளை மிளகு. தொட்டுக்கொள்ள ‘யோத்தியாவ்’ என்ற நீளமான எண்ணெய்ப் பலகாரம் ஒன்று தருவார்கள், அதைப் பிய்த்துச் சாற்றில் நனைத்துச் சாப்பிடுங்கள்.

ஊர்க்காரர்களின் இன்னொரு விடிகாலை உணவு மாட்டிறைச்சி சூப். பக்கத்து ஷான்ஹுவா பகுதியில் அறுத்த இறைச்சி குளிர்பெட்டிக்குள் போகாமலே இரவோடு இரவாகக் கடைக்கு வரும். பச்சை இறைச்சியைத் தாள்போலச் சீவிக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் சாற்றை மேலே ஊற்றுவார்கள், அவ்வளவுதான். சாப்பிடுகிறவர்கள் காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். உழவுக்கு உதவிய மாட்டைத் தின்பதில்லை என்று வைத்திருக்கும் குடும்பங்கள் தைவானிலும் உண்டு, ‘மாடு வேண்டாம்’ என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். அதற்கு ‘பூ ச்சி ந்யூ’.

8 மணிக்கு மேல் நடை. கன்பூசியஸ் கோயிலிலிருந்து தொடங்குங்கள். 1665இல் கட்டியது, தைவானின் முதல் கன்பூசியஸ் கோயில், அந்தக் காலத்தில் உயர்கல்விக் கூடமும் அதுவே. சிவப்பு மதிலுக்குள் பெரிய ஆலமரங்கள். காலையில் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் மரத்தடியில் உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். எதிரே, சந்தியைத் தாண்டினால் தைவான் இலக்கிய அருங்காட்சியகம். 1916இல் ஜப்பானியர் ஆட்சியில் கட்டிய மாவட்ட அலுவலகம், இப்போது அரசு அதை ஓர் இலக்கியத்துக்கான வீடாக மாற்றியிருக்கிறது. எழுத்து பிடித்தவர்கள் இங்கே ஒரு மணி நேரம் இருங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

10 மணிக்கு மேல் குவோஹுவா தெரு, யோங்லே சந்தைப் பக்கம் போங்கள். இங்கே ‘வாகுவே’ கிடைக்கும். அரிசிமாவைக் கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் வேகவைத்தது. இட்லிக்குப் பழகிய கை அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் உள்ளே பன்றி இறைச்சி, இறால், காளான் இருக்கும், மேலே இனிப்பான சோயாக் குழம்பு. சின்ன மூங்கில் குச்சியால் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் கீறிச் சாப்பிடுவது இங்கத்து முறை.

மதியத்துக்கு ‘தான்ட்ஸாய்’ நூடுல்ஸ். இதை மட்டும் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மீன்பிடிக்கப் போக முடியாத புயல் மாதங்களில் ஒரு மீனவர் தோளில் காவடிபோலக் கட்டித் தூக்கிவந்து விற்ற பண்டம் என்பது வரலாறு. புகழ்பெற்ற ‘து ஷியாவ் யுவே’ கடையின் பெயருக்கே ‘மந்த மாதத்தைக் கழிப்பது’ என்றுதான் பொருள். அது 1895 முதல் இருக்கிறது. சமைப்பவர் ஒரு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பார். இடதுபக்கம் ஒரு மண்சட்டி, அதன் விளிம்பெல்லாம் கறுத்துத் தடித்திருக்கும். உள்ளே பன்றிக் கொத்துக்கறி கொதித்துக்கொண்டே இருக்கும். கைப்பிடி நீண்ட மூங்கில் கூடையில் ஒரு பிடி நூடுல்ஸைப் போட்டு வெந்நீரில் முக்கி, இரண்டு உதறு உதறிக் கிண்ணத்தில் கவிழ்ப்பார். இறால் தலையில் எடுத்த சாறு ஒரு கரண்டி. கொத்துக்கறி ஒரு கரண்டி. பூண்டு விழுது ஒரு துளி, கறுப்பு வினிகர் ஒரு துளி, கொத்தமல்லி, கடைசியாக ஒரே ஒரு இறால். ஒரு நிமிடம்கூட ஆகாது. நான்கு வாயில் முடிந்துவிடும் அளவுதான். இன்னொரு கிண்ணம் கேட்கத் தோன்றும், கேளாமல் எழுந்து அடுத்த கடைக்கு நடங்கள்.

வெயில் ஏறிய நேரத்தில் ஹயாஷி பல்பொருள் அங்காடி. 1932இல் திறந்தது, அப்போது தைனானில் லிப்ட் வைத்த அதிசயக் கட்டடம். உள்ளூர் மக்கள் இன்றும் ‘ஐந்து மாடிக் கட்டடம்’ என்றுதான் சொல்வார்கள். பல ஆண்டு பூட்டிக்கிடந்து 2014இல் மறுபடி திறந்தது. மொட்டைமாடிக்குப் போங்கள். சின்ன ஜப்பானியக் கோயில் ஒன்றும், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் சிதைந்த சுவரும் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்கு வாங்கிப்போகும் பொருள்களை இங்கே வாங்கலாம், விலை கூடுதல்தான், ஆனால் தைனானில் செய்தவை நிறைய.

மாலை 4 மணி வாக்கில் ஒரு பழக்கடை. ‘தக்காளித் தட்டு’ கேளுங்கள். பெரிய, பாதி பச்சையான தக்காளியை அரிந்து வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கெட்டியான சோயாச் சாந்து, அதில் துருவிய இஞ்சி, சர்க்கரை, அதிமதுரப் பொடி. குழைத்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். முதல் கடியில் இஞ்சி சுள்ளென்று ஏறும், அப்புறம் தக்காளிப் புளிப்பு, கடைசியில் அதிமதுரத்தின் மெல்லிய இனிப்பு. தைனானின் சுவை இன்னதென்று ஒரே தட்டில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். முழுக்கச் சைவமும்கூட. குளிர்காலத்தில் போனால் சீத்தாப்பழமும் இருக்கும். அதன் மேடுபள்ளத் தோல் புத்தரின் தலைமுடிச் சுருள்போல் இருப்பதால் இங்கே அதற்கு ‘ஷிஜியா’ என்று பெயர், அதாவது சாக்கியர்.

பிறகு ச்சிகான் மாளிகை. 1653இல் டச்சுக்காரர்கள் கட்டிய புரோவின்ஷியா கோட்டையின் அடித்தளத்தின் மேல் சீனக் கூரை எழும்பிய கட்டடம். முன்னால் ஆமைபோன்ற விலங்குகள் முதுகில் சுமக்கும் 9 கல்வெட்டுகள் வரிசையாக நிற்கும். ஒரு கலகத்தை அடக்கியதைப் பதிய, 1788இல் சீனப் பேரரசர் சியென்லோங் வைத்தவை. பராமரிப்பு வேலை நடக்கும் காலத்தில் ஒரு பகுதி மூடியிருக்கலாம், முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கடல்தாய் மாசுவின் பெரிய கோயில். எந்தக் கோயிலானாலும் நம் வலப்பக்க வாசலால் நுழைந்து இடப்பக்க வாசலால் வெளியே வர வேண்டும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதுவரை படித்துவிட்டுச் சைவர்கள் பயந்திருக்கலாம். உண்மையில் சைவ உணவுக்குத் தைவானைப்போல் வசதியான இடம் கிழக்காசியாவில் வேறெதுவும் எனக்குத் தெரியாது. பௌத்த, தாவோ மரபில் சைவ உணவு ஊறிப்போயிருக்கிறது. அவர்களுடைய மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் இறைச்சி தொட மாட்டார்கள். நம் கணக்கில் அமாவாசையும் பௌர்ணமியும்தான். அந்த இரண்டு நாளும் சைவக் கடைகளில் கூட்டம் நிரம்பி வழியும், சீக்கிரம் போய்விடுங்கள்.

கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். பலகையில் ஸ்வஸ்திகா சின்னம் இருந்தால் பெரும்பாலும் சைவக் கடை. அப்படிப்பட்ட கடைகளில் பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். நம் வீட்டில் விரத நாளில் சமைப்பதுபோல. மதியச் சைவ பஃபே கடைக்குள் நுழைந்தால் முப்பது நாற்பது தட்டில் பண்டங்கள் இருக்கும்: கத்தரிக்காய், பாகற்காய், பூசணி, கீரை வகைகள், டோஃபு ஐந்தாறு விதத்தில், காளான். காகிதப் பெட்டியில் வேண்டியதை எடுத்துக்கொண்டு போனால் எடை போட்டு விலை சொல்வார்கள், சோறு தனி. 100 டாலருக்குப் பக்கத்தில் வயிறு நிறைந்துவிடும். மீன்போலவும் கறிபோலவும் இருப்பவை சோயாவிலும் கோதுமையிலும் செய்தவை, திகைக்க வேண்டாம்.

பாக்கெட் உணவில் சைவ வகையைத் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, பூண்டு வெங்காய வகை சேர்ந்தது என்று ஐந்து வகை. இந்த ஐந்தின் சீன எழுத்தையும் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள், கடையில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம்.

ஏமாந்துவிடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கடையில் ‘வேகவைத்த கீரை’ கேட்டால், மேலே ஒரு கரண்டி பன்றிக் கொத்துக்கறிச் சாறு ஊற்றித் தருவது இந்த ஊர் வழக்கம். காய்கறி நூடுல்ஸின் சாறு எலும்புச் சாறாக இருக்கும். முள்ளங்கிப் பணியாரத்தில் காய்ந்த இறால் இருக்கலாம். ஆகவே ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்வது போதாது. இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். ‘வோ ச்சி சூ’, நான் சைவம் சாப்பிடுகிறவன், என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே முழுப் பொருள் உண்டு.

இனிப்பு வகையில் பயமே வேண்டாம். பூசணிக்காயை வெல்லப்பாகுபோலக் காய்ச்சிச் செய்யும் குளிர்ந்த பானம், ஒரு வகை அத்தி விதையிலிருந்து எடுத்து எலுமிச்சை ஊற்றிய ‘ஐயு’ ஜெல்லி, மாம்பழப் பனித்துருவல், வறுத்த சர்க்கரைவள்ளி உருண்டை எல்லாமே சாப்பிடலாம். ஜவ்வரிசி உருண்டை போட்ட பபிள் டீயும் அப்படித்தான். 1986இல் தங்கள் ஊர் ஹன்லின் தேநீர்க் கடையில்தான் அது பிறந்தது என்று தைனான்காரர்கள் சொல்வார்கள், தைச்சுங் நகரில் இன்னொரு கடையும் அதே உரிமையைக் கோருகிறது. கேட்கும்போது சர்க்கரை அளவு, ஐஸ் அளவு இரண்டையும் கேட்பார்கள். இந்த ஊரில் பாதிச் சர்க்கரை என்று சொன்னாலே நமக்குத் தாராளம்.

அன்பிங்குக்கு ஓர் அரைநாள்

இரண்டாம் நாள் காலையைக் கடலோரத்து அன்பிங்குக்கு வையுங்கள். மையத்திலிருந்து பேருந்தில் போகலாம், டாக்ஸியில் கால் மணி நேரம்தான்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1624இல் இங்கேதான் இறங்கியது. நம் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை வைத்திருந்த அதே கம்பெனி. இங்கே கட்டிய ஸீலாந்தியா கோட்டையை, 1661இல் கப்பற்படையோடு வந்த சீனத் தளபதி கோக்ஸிங்கா ஒன்பது மாதம் முற்றுகையிட்டு 1662இல் பிடித்தார். ‘தைவான்’ என்ற பெயரே இந்த மணல்திட்டின் பழைய பெயரிலிருந்து வந்ததுதான். மேலே ஏறிப் பார்க்கும் செங்கல் மேடை ஜப்பானியர் காலத்தது. டச்சுக்காரர்களின் உண்மையான சுவர் வெளியே, கீழே இருக்கிறது. பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஆலவேர் கவ்விய அந்தச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். சிப்பிச் சுண்ணாம்பு, சர்க்கரைப்பாகு, பசையரிசிக் கஞ்சி மூன்றையும் கலந்த சாந்தில் கட்டியது. கருப்பட்டிப்பாகும் கடுக்காயும் கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே கை வைக்கத் தோன்றும்.

பக்கத்தில் ஆலமர வீடு. ஒரு பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் பழைய கிடங்கைக் கைவிட்டபோது ஆலமரங்கள் கூரையையும் சுவரையும் தமதாக்கிக்கொண்டன. விழுதுகளுக்கு நடுவே நடைபாலம் போட்டிருக்கிறார்கள். கொசு அதிகம், மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

சந்துகளுக்குள் நடந்தால் வீட்டு வாசலுக்கு மேல் வாயில் வாளைக் கவ்விய சிங்கமுகம் தெரியும், திருஷ்டிக்கு வைத்தது. சாப்பிட இறால் சுருள், சிப்பி ஆம்லெட். சைவர்களுக்கு அன்பிங் டோஃபு புட்டிங், வெல்லப்பாகில் மிதக்கும், சிவப்புப் பயறு சேர்த்துக் கேட்கலாம். வார இறுதியில் பழைய தெருவில் நகரவே முடியாது. வேலைநாளில், 10 மணிக்குள் போங்கள்.

இரவுச் சந்தைக்குக் கிழமை உண்டு

தைனானின் பெரிய இரவுச் சந்தைகள் தினமும் நடப்பதில்லை, நம் ஊர் வாரச்சந்தைபோல. திங்கள், செவ்வாய், வெள்ளி தாதோங். புதன் வுஷெங். வியாழன் ஹுவாயுவான். சனிக்கிழமை வுஷெங், ஹுவாயுவான் இரண்டும். ஞாயிறு ஹுவாயுவான். முதல்முறை போகிறவர்கள் பெரியதான ஹுவாயுவான் கிடைக்கும்படி நாள்களை அமைத்துக்கொண்டால் நல்லது. மாலை 6 மணிக்கே போய்விடுங்கள், 8 மணிக்கு வரிசைகள் பின்னிக்கொள்ளும். பெருமழை என்றால் கடை போட மாட்டார்கள். குப்பைத்தொட்டி அரிதாகவே இருக்கும், ஒரு பையைக் கையில் வைத்திருங்கள்.

சந்தைக்குப் போகாவிட்டாலும் ஊருக்குள் இரவு நன்றாக இருக்கும். ஷென்னோங் தெருவின் பழைய மரவீடுகளில் விளக்கேற்றியபின் ஒரு நடை போங்கள். பெருந்தீயில் சட்டியைத் தூக்கிப் போட்டு வதக்கும் விலாங்கு நூடுல்ஸ் இரவு உணவுக்கு ஏற்றது. ‘சவப்பெட்டி ரொட்டி’ என்ற பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம். தடித்த ரொட்டியைப் பொரித்து, மேல்பக்கத்தை மூடிபோல வெட்டி, உள்ளே பால்சாறில் வெந்த கோழி, கடலுணவு, பட்டாணியை நிரப்பியது. வடிவத்தால் வந்த பெயர், ஒருமுறை சாப்பிடலாம். எனக்கு அது ஊரின் முதல் பத்துப் பண்டங்களில் வராது.

மூன்றாம் நாள் கிடைத்தால்

ஸிச்சாவில் அலையாத்தி மரங்கள் குகைபோல் வளைந்த கால்வாயில் படகில் போகலாம், அரை மணி நேரம். பிச்சாவரம் பார்த்தவர்களுக்கும் அதன் அடர்த்தி பிடிக்கும். வாகனம் இருந்தால் வடக்கே பெய்மென் பக்கத்து ஜிங்ஸைஜியாவ் உப்பளத்துக்கு மாலையில் போங்கள். தூத்துக்குடி உப்பளம்போல மண்தரையாக இருக்காது. உடைந்த பானை ஓடுகளைப் பாத்தியில் பதித்திருக்கிறார்கள். சூரியன் இறங்கும்போது ஓட்டுத்துண்டுகள் தண்ணீருக்கடியில் மின்னும்.

ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கும் என்றால், இந்த இரண்டையும் விட்டுவிட்டு நான் சீமெய் அருங்காட்சியகத்தைச் சொல்வேன். ஒரு தொழிலதிபர் சேர்த்த மேற்கத்திய ஓவியங்கள், ஆயுதங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வயலின்கள். இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்தவை உட்பட உலகின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. புதன்கிழமை விடுமுறை. தைனான் நிலையத்திலிருந்து தெற்கே பக்கத்து நிறுத்தமான பாவோஅன்னில் இறங்கி நடந்துவிடலாம்.

அந்தப் பாவோஅன் நிலையம் ஜப்பானியர் காலத்து மரக் கட்டடம். தைனானுக்கு வடக்கே யோங்காங் என்றொரு நிலையம் உண்டு. யோங்காங்கிலிருந்து பாவோஅன்னுக்கு டிக்கெட் எடுத்தால், இரண்டு பெயர்களின் எழுத்துகளும் சேர்ந்து ‘என்றும் நலமாக, பத்திரமாக’ என்ற வாழ்த்தாகப் படிக்கும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்காக இந்த டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் தைவான் மக்கள். சில டாலர்தான் ஆகும். பாவோஅன் நிலையக் கவுண்டரிலேயே கேட்கலாம். ஈசிகார்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அட்டை டிக்கெட்டாகக் கேளுங்கள்.